காற்றைக் கட்டினது யார்?



இந்த இதழுக்கு உபவாச ஜெபத்தைப் பற்றி எழுதுவதாகத்தான் சொல்லியிருந்தேன். எழுதவும் உட்கார்ந்தேன். ஒன்றரைப் பக்கம் ஓடினது. அதற்குமேல் பேனா நகரவில்லை. அதற்கு முந்தி எழுதித் தீர்க்க வேண்டிய ஒரு காரியம் பாக்கி இருக்கிறது என்று ஆவியானவர் உள்ளத்தில் உணர்த்திக்கொண்டே இருந்தார். ஆகவே உபவாசம் அடுத்த மாதம். இந்த மாதம் ஒரு கேள்வி.

கர்த்தருடைய நாமம் மகிமைப்பட வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு, நடந்ததைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் அது தப்பா? கேட்கிறவர்கள் விசுவாசத்தில் பலப்படத்தானே செய்கிறார்கள்? அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

பைபிள் காலேஜில் படிக்கும்போது இப்படி ஒரு கேள்வி வந்திருந்தால் நாலு வசனம் எழுதி மார்க் வாங்கியிருப்பேன். இப்போது எனக்கே அது பரீட்சையாக வந்திருக்கிறது.

2024-ம் வருஷம் மே மாதம் நம்முடைய சபைக் குடும்பங்கள் சில சேர்ந்து பிள்ளைகளின் லீவுக்கு ஆலப்புழை போய்வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நான் சொன்ன சாட்சியும் ஞாபகம் இருக்கும். ஏரி நடுவிலே கொந்தளிப்பு, படகு ஆடுகிறது, பிள்ளைகள் கதறுகிறார்கள், நான் எழுந்து நின்று கையை நீட்டி, "காற்றே, இயேசுவின் நாமத்தினாலே உன்னைக் கட்டுகிறேன்" என்று சொன்னேன், ஐந்தே நிமிஷத்தில் ஏரி கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது என்றேன். சபை முழுவதும் எழுந்து நின்று கை தட்டினது. சிலர் அந்நிய பாஷையில் ஸ்தோத்திரித்தார்கள். வயதான ஒரு தாயார் கண்ணீரோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாஸ்டர், கர்த்தர் உங்களை இன்னும் உயர்த்துவார்" என்றார்கள்.

பிரியமானவர்களே, அது அப்படி நடக்கவில்லை.

நடந்ததை எழுதுகிறேன். தென்காசியிலிருந்து விடியற்காலை 3 மணிக்கு வேன் புறப்பட்டது. செங்கோட்டை, புனலூர், கொல்லம் வழியாகப் போய் 10 மணிக்கு முன்னே ஆலப்புழை சேர்ந்தோம். பிள்ளைகள் 9 பேரோடு மொத்தம் 23 பேர். புன்னமடைக் கரையில் ஒரு ஹவுஸ்போட்டைப் பகல் வாடகைக்குப் பேசியிருந்தோம். அந்தப் படகைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லுகிறேன். அது அந்தக் காலத்தில் நெல் ஏற்றிப்போன கெட்டுவள்ளம். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றுநாரால் இழுத்துக் கட்டிச் செய்வார்களாம். இப்போது அதன்மேல் மூங்கிலும் பாயும் வைத்து வீடு மாதிரி அறைகள் கட்டி, மாடியும் போட்டுவிடுகிறார்கள். பார்க்க அரண்மனை மாதிரி இருக்கும். ஆனால் அடிப்பாகம் அதிக ஆழம் இல்லாதது, மேல்பாகம் உயரம். பலத்த காற்று அடித்தால் அந்த வீடே பாய்மரமாகி, படகைத் தன் இஷ்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்த விஷயம். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் கொடுத்த வாடகை ஒன்றுதான்.

காலையில் வாய்க்கால் வழியாகப் போனோம். இரண்டு பக்கமும் தென்னை, அதற்கு அப்பால் நெல்வயல். தண்ணீர் மேலே இருக்கிறது, வயல் கீழே இருக்கிறது! குட்டநாட்டில் கடல் மட்டத்துக்கும் கீழே விவசாயம் செய்கிறார்கள் என்று படித்திருந்தாலும் கண்ணால் பார்க்கும்போது தேவனுடைய ஞானத்தை ஸ்தோத்திரிக்கத்தான் தோன்றினது. மட்டை அரிசிச் சோறும் கரிமீனும் கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு வேம்பநாட்டுக் காயலின் அகலமான பாகத்துக்குப் போய்ப் பாதிராமணல் தீவைப் பார்த்துத் திரும்புவதாக ஏற்பாடு. காயல் என்றால் சாதாரண ஏரி இல்லை, நீளம் சுமார் 96 கிலோமீட்டர். பிள்ளைகள் மாடியில் ஏறி நின்றுகொண்டு, "எப்போ வரும், எப்போ வரும்" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

வாய்க்கால் முடிந்து காயல் திறக்கிற இடத்துக்கு வந்ததும் படகு ஓட்டுகிறவர் எஞ்சினைக் குறைத்தார். அங்கே அவர்களை ஸ்ராங்கு என்பார்கள். ஐம்பது வயது இருக்கும். கிழக்கே மலைப்பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படகைத் திருப்பி, வாய்க்காலுக்குள்ளே கொண்டுபோய், முன்னும் பின்னும் கயிறு போட்டு இரண்டு தென்னைமரத்தில் கட்டிவிட்டார். எங்கள் தலைக்குமேல் சுள்ளென்று வெயில்!

"என்ன சேட்டா, ஏன் நிறுத்திட்டீங்க?" என்றேன்.

"சாரே, இப்போ காயலுக்குப் போகண்டா. காற்று வரும்."

"வெயில் அடிக்குதே."

"வரும் சாரே."

எனக்குக் கோபம் வந்தது. பதினாலாயிரம் ரூபாய் வாடகை, ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்து, கஷ்டப்பட்ட குடும்பங்களும் கொடுத்த பணம். "நாங்க ஜெபிக்கிற ஜனங்க. எங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க தைரியமா எடுங்க" என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "ஜெபிக்கலாம் சாரே, நல்லதுதான். இங்கே கட்டிப் போட்டுக்கொண்டே ஜெபிக்கலாமே" என்றார். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும்.

அவர் கழுத்தில் ஜெபமாலை கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள்ளே ஒரு அலட்சியம் வந்தது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இரட்சிப்பின் நிச்சயம் இல்லாதவன், பயப்படத்தான் செய்வான் என்று பக்கத்திலிருந்த சகோதரரிடம் சொன்னேன். மெதுவாகச் சொல்லவில்லை. படகு முதலாளிக்குப் போன் போட்டுப் புகாரும் சொன்னேன். காயலில் ஸ்ராங்கு சொல்வதுதான் முடிவு, நான் ஒன்றும் சொல்ல முடியாது என்று அவர் வைத்துவிட்டார். மற்ற சகோதரர்களும் என்னோடு சேர்ந்து பேசினார்கள். என் மனைவி ஒருத்திதான், "அவர் சொல்றதைக் கேளுங்களேன், பிள்ளைகள் இருக்கு" என்றாள். நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன்.

கால்மணி நேரத்தில் காற்று வந்தது. மாடியிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று பறந்து தண்ணீரில் விழுந்தது. கூரைப் பாய் ஒரு மூலையில் பிய்த்துக்கொண்டது. கயிறு கட்டின தென்னை இரண்டும் முறுகினது எங்கள் காதில் கேட்டது. வாய்க்கால் வாய்க்கு அப்பால் காயல் வெள்ளை வெளேரென்று நுரைத்துக்கொண்டிருந்தது. அங்கே இருந்திருந்தால்? 9 பிள்ளைகளில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. ஸ்ராங்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் லைப் ஜாக்கெட் மாட்டி, வார் இழுத்துப் பார்த்து, எல்லாரையும் கீழே நடுவில் உட்காரவைத்தார்.

நான் ஜெபித்தேனா? ஜெபித்தேன். கையை நீட்டிக் காற்றைக் கடிந்தேன், அது உண்மை. காற்று கேட்டதா? அதற்குப் பிறகும் 50 நிமிஷம் அடித்தது. அடித்து ஓய்ந்தது, கோடைமழைக் காற்று ஓய்கிற மாதிரி.

பாதிராமணல் பார்க்கவில்லை. நேரம் போய்விட்டது. வாய்க்கால்களுக்குள்ளேயே கொஞ்சம் சுற்றிக் காட்டி 5 மணிக்குக் கரை சேர்த்தார். வரும் வழியில் முகம்மா இருக்கிற திசையைக் கையால் காட்டி ஒரு காரியம் சொன்னார். 2002 ஜூலை 27-ந்தேதி காலையில் முகம்மாவிலிருந்து குமரகத்துக்குப் புறப்பட்ட பயணிகள் படகு இதே காயலில் முழுகி 29 பேர் இறந்துபோனார்கள். அதில் அநேகர் அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதப் போனவர்கள். காற்றினால் வந்தது அல்ல, அளவுக்கு மிஞ்சி ஆள் ஏற்றினது. "அதுக்குப் பிறகு இந்தக் காயலில் நான் யார் அவசரத்துக்கும் படகு எடுக்கிறதில்லை சாரே" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

படகு ஆட்களுக்குக் கொடுக்கவென்று எங்களுக்குள்ளே 1500 ரூபாய் தனியாகச் சேர்த்து என் கையில் கொடுத்திருந்தார்கள். நான் அதைக் கொடுக்கவில்லை. சுற்றிக் காட்டவேண்டியதைக் காட்டவில்லை, எதற்குக் கொடுக்கவேண்டும் என்று பையில் வைத்துக்கொண்டேன். அது கொல்லத்தில் பரோட்டாவாகப் போயிற்று.

பொய் எப்படி வளர்ந்தது என்று இப்போது திரும்பிப் பார்க்கிறேன். ஒரே நாளில் வளரவில்லை. வேனில் ஒரு சகோதரர், "பாஸ்டர் கையை நீட்டினார் பாருங்க, அதோட காற்று அடங்கிப்போச்சு" என்றார். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். புனலூரில் டீ குடிக்கும்போது இன்னொருவர் கேட்டபோது 50 நிமிஷம் "பத்து நிமிஷம்" ஆயிற்று. சனிக்கிழமை இரவு சாட்சிக்கு ஆயத்தப்படும்போது வாய்க்கால் காயல் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை பத்து ஐந்தாயிற்று. ஸ்ராங்கு எந்த இடத்தில் கதையைவிட்டு இறங்கினார் என்று எனக்கே தெரியாது. பிரசங்க மேடையில் நான் நின்றபோது அந்தப் படகில் அவர் இல்லை. நான் மாத்திரம் நின்றுகொண்டிருந்தேன், கையை நீட்டிக்கொண்டு.

ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகும்போது என் பத்து வயது மகன் கேட்டான்: "அப்பா, நாம ஏரி நடுவிலயா இருந்தோம்? மரத்துல கட்டித்தானே போட்டிருந்தாங்க?" நான், "சும்மா வா" என்றேன். அவன் சும்மா வந்தான். அந்தப் படகில் இருந்த மற்றப் பெரியவர்களும் சும்மாதான் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பாஸ்டர் சொல்லும்போது எழுந்து நின்று "இல்லை" என்று சொல்லும்படி நம்முடைய சபைகளில் நாம் யாரையும் பழக்கவில்லையே.

யோபு புஸ்தகம் 13-ம் அதிகாரம் 7-ம் வசனத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். யோபின் சிநேகிதர்கள் மூன்று பேரும் தேவனுக்காகப் பரிந்து பேசுகிறவர்கள். தேவன் நியாயமுள்ளவர் என்று காட்டுவதற்காக, யோபு செய்யாத பாவத்தை எல்லாம் அவன் தலையில் கட்டுகிறார்கள். அவர்களைப் பார்த்து யோபு கேட்கிறான்: தேவனுடைய கட்சியில் நின்று பேசுவதற்கு உங்களுக்குப் பொய்யா தேவைப்படுகிறது? கடைசியில் தேவன் யார்மேல் கோபப்பட்டார்? தமக்காகப் பேசின அந்த மூன்று பேர்மேல்தான். இந்த அதிகாரத்தின்பேரில் நான் இரண்டு தடவை பிரசங்கம் செய்திருக்கிறேன். இரண்டு தடவையும் அது வேறே யாருக்கோ என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போஸ்தலர் 27-ம் அதிகாரத்தையும் இந்த நாட்களில் திரும்பத் திரும்ப வாசித்தேன். கப்பலில் 276 பேர். பதினாலு நாள் புயல். ஒரு உயிரும் சேதமாகாது என்று தேவதூதன் வந்து பவுலுக்குச் சொல்லிவிட்டான். இதைவிட உறுதியான வாக்குத்தத்தம் யாருக்குக் கிடைக்கும்? ஆனாலும் கப்பலாட்கள் சிறு படகை இறக்கித் தப்பியோடப் பார்த்தபோது, இந்த மனுஷர் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று பவுல் சேவகரிடம் சொல்லுகிறார். தூதன் சொன்ன பிறகும் தொழில் தெரிந்தவன் தேவைப்பட்டான்! அந்தக் கப்பலாட்கள் புறஜாதியார். ராத்திரியில் ஆழம் பார்த்தவர்கள் அவர்கள். இருபது பாகம் இருந்தது பதினைந்தாகக் குறைந்தவுடனே நாலு நங்கூரத்தைப் போட்டவர்களும் அவர்கள்தான். லூக்கா அந்தக் கப்பலில் கூடவே இருந்தவர். அவர் ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கிறார். பவுல் கையை நீட்டினார், புயல் அடங்கிற்று என்று எழுதியிருந்தால் வாசிக்க எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அப்படி எழுதவில்லை. கப்பல் உடைந்தது, பலகையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள் என்றுதான் எழுதினார். கொரிந்து சபைக்கு எழுதும்போது பவுலும் தாம் மூன்று தடவை கப்பற்சேதத்தில் இருந்ததைச் சொல்லுகிறார். என்னில் காண்கிறதற்கு மேலாக யாரும் என்னை எண்ணிவிடக்கூடாதே என்று அடுத்த அதிகாரத்தில் தன்னைத்தானே அடக்கியும் கொள்ளுகிறார்.

யாரும் என்னைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். கர்த்தர் காற்றை அதட்டினால் அடங்கும் என்று நேற்றும் விசுவாசித்தேன், இன்றும் விசுவாசிக்கிறேன். டாக்டர்கள் கைவிட்ட என் தாயார் ஜெபத்தினாலே எழுந்து பதினோரு வருஷம் உயிரோடிருந்ததைக் கண்ணால் கண்டவன் நான். ஆனால் கையில் உள்ள கட்டில் ஒரு கள்ள நோட்டு இருக்கிறது என்று தெரிந்தால் கடைக்காரர் என்ன செய்வார்? நல்ல நோட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். காயலைப்பற்றி நான் சொன்னது பொய் என்றால் என் தாயாரைப்பற்றி நான் சொன்னதை என் மகன் எப்படி நம்புவான்?

இன்னொன்றும் என்னை உறுத்தினது. நாங்கள் ஜெபித்தோம், அதனால் பிழைத்தோம் என்று மாத்திரம் சொல்லிவிட்டால், 2002-ல் அந்தக் காயலில் போன 29 பேர் வீட்டாருக்கு அது எப்படிக் கேட்கும்? காலையில் பரீட்சைக்கு அனுப்பின எந்தத் தாய் ஜெபிக்காமல் அனுப்பியிருப்பாள்? சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று ஆண்டவரே சொல்லிவிட்டார். இதற்குமேல் எனக்கு விளக்கம் தெரியாது.

யாருக்கு என்ன நஷ்டம் என்று ஆரம்பத்தில் கேட்டேனே, அதற்குப் பதில் ஜூலை கடைசியில் போனில் வந்தது. நம்முடைய சபையில் வளர்ந்து இப்போது தூத்துக்குடிப் பக்கம் வேலையிலிருக்கிற ஒரு வாலிபத் தம்பி கூப்பிட்டான். அந்தப் பக்கத்துச் சபை வாலிபர்கள் 14 பேரைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போயிருக்கிறான். தெரிந்தவருடைய பைபர் படகில் கொஞ்சத் தூரம் போய்வர ஏற்பாடு. ஆடிக் காற்று. படகுக்காரர் இன்றைக்கு வேண்டாம் என்கிறார்.

"பாஸ்டர், ஆலப்புழையில செஞ்ச மாதிரி போன்லயே ஒரு ஜெபம் பண்ணுங்க. படகுக்காரரை எப்படியாவது சம்மதிக்க வச்சிருவேன். பையங்க எல்லாம் ஆசையா வந்திருக்காங்க."

போனில் காற்று இரைகிறது எனக்குக் கேட்டது. என்னுடைய உள்ளங்கை வியர்த்துவிட்டது. ஜெபித்துவிட்டு, "இருந்தாலும் இன்னைக்கு வேண்டாம் தம்பி, ஆவியானவர் தடுக்கிறார்" என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல வாய் வந்துவிட்டது. ஒரு பொய்யை மூட இன்னொன்று, அதிலும் ஆவியானவர் பெயரிலேயே!

"தம்பி, ஆலப்புழையில நான் ஒண்ணும் செய்யல. நாங்க காயலுக்கே போகல. படகு மரத்துல கட்டியிருந்தது. படகு ஓட்டினவர்தான் கட்டினார். நான் எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அப்போ சாட்சியில சொன்னது?"

"பொய்தான்ப்பா."

மறுபடியும் காற்று மாத்திரம் கேட்டது. பிறகு, "சரி பாஸ்டர், நாங்க இறங்கல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் என்னோடு முன்மாதிரி பேசுகிறதில்லை. 14 பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். இறங்கியிருந்தாலும் ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கலாம். ஆனால் என்னுடைய கைதட்டலுக்காக 14 வீட்டுப் பிள்ளைகளைப் பந்தயம் வைத்திருப்பேன் என்று நினைக்கும்போது இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

இதைச் சபையில் அறிக்கையிட வேண்டும் என்று மூப்பர்களிடம் சொன்னேன். ஒருவர் கண் கலங்கினார். இன்னொருவர், "புது ஆத்துமாக்கள் இடறுவாங்க பாஸ்டர், கர்த்தர்கிட்ட மாத்திரம் அறிக்கையிட்டுருங்க, போதும்" என்றார். அன்பினால்தான் சொன்னார். ஆனால் பொய்யைச் சபைக்கு முன்னே சொல்லிவிட்டு உண்மையை அறைவீட்டுக்குள்ளே சொல்வது எனக்குச் சமாதானமாக இல்லை. அதனால்தான் எழுத்தில் வைக்கிறேன். யாராவது இடறினால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து உட்காருவோம். கை தட்டினவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை.

மகனிடம் முந்தியே சொல்லிவிட்டேன். "நீ கேட்டது சரிதான், அப்பாதான் பொய் சொன்னேன்" என்றேன். "எனக்குத் தெரியும்" என்றான்.

போன வாரம் படகு முதலாளியிடம் நம்பர் வாங்கி அந்த ஸ்ராங்குக்குப் போன் போட்டேன். தென்காசியிலிருந்து பேசுகிறேன், மே மாதம் 23 பேர் வந்தோம், காற்று வந்தது, நீங்கள் படகைக் கட்டினீர்கள், நான் உங்களைக் கடுமையாகப் பேசினேன் என்று எல்லாம் சொன்னேன். அவருக்கு ஞாபகம் வரவில்லை. "மே மாசத்தில் நிறைய நாள் கட்டினேன் சாரே. எல்லாரும்தான் வழக்குப் போடுவாங்க. நீங்க எந்தப் பார்ட்டி?" என்றார். நாற்காலி பறந்ததைச் சொன்னேன். "ஆ, அந்த நாற்காலி! அது ரெண்டு நாள் கழிச்சுக் கிடைச்சது" என்று சிரித்தார். 1500 ரூபாயை ஜிபேயில் அனுப்புகிறேன் என்றபோது முதலில் வேண்டாம் என்றார். சமையல் செய்த பையனுக்கும் பங்கு உண்டு என்றதும் சரி என்றார்.

இன்றைக்குப் படகு ஓடுகிறதா என்று கேட்டேன்.

"இல்ல சாரே, காலையிலிருந்து மழை. கட்டிப் போட்டிருக்கு" என்றார். பின்னாலே யாரோ ஒரு ஆள் தமிழில் அவரோடு வாதாடிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது.